நல்ல தண்ணீரில் மூன்று

எங்கள் ஆய்வகத்தில் அக்காவுக்குப் 'பதினஞ்சு' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் கூப்பிட்டதில்லை. அவ்வளவு துணிச்சல் மேனேஜருக்கே கிடையாது. முதுகுக்குப் பின்னால்தான் 'பதினஞ்சு வந்தாச்சா', 'பதினஞ்சுகிட்ட கேட்டியா' என்றெல்லாம் பேசிக்கொள்வோம். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? ஒருநாள் தன் டீ டம்ளரில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அதில் 15 என்று எழுதி, எல்லா டம்ளரோடும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதோடு அந்தக் கேலியில் எங்களுக்கு இருந்த ருசி போய்விட்டது.

பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டும். நாங்கள் விஷம் பார்ப்பவர்கள். ஏதாவது ஓர் ஆலை புதிதாக ஒரு திரவம் செய்தாலோ, கழிவுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டாலோ, அது எவ்வளவு பொல்லாதது என்று சொல்லும் வேலை. சொல்வது நாங்கள் இல்லை, பூச்சி. டாஃப்னியா என்பார்கள், நீர்த்தெள்ளு. குளத்துத் தண்ணீரில் தத்தித் தத்தி நீந்துமே, அதுதான். உடம்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே இதயம் அடிப்பது, குடலில் பச்சை இறங்குவது, முதுகுப் பையில் குஞ்சு புரள்வது எல்லாம் வெளியே தெரியும். ஒளிவு மறைவே தெரியாத பிராணி. அதை வளர்ப்பதுதான் என் உத்தியோகம். பெரிய படிப்பெல்லாம் கிடையாது எனக்கு. வருடா வருடம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. பாசித் தண்ணீர் காய்ச்சி, தொட்டி கழுவி, பூச்சி பெற்ற குஞ்சுகளைப் பிரித்து அக்காவிடம் கொடுப்பேன். பிறந்து ஒரு நாள் ஆகாத குஞ்சாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மேல் ஒரு மணி ஆனாலும் அக்கா தொட மாட்டார்.

ஒரு ஜாடிக்கு ஐந்து குஞ்சு. நான்கு ஜாடி சேர்ந்தால் ஒரு வரிசை, ஆக இருபது. ஆலைத் தண்ணீரை முழுசாக ஊற்றி ஒரு வரிசை வைப்போம். பாதியாகக் கலந்து ஒன்று, காலாக ஒன்று, அரைக்கால், வீசம் என்று ஒவ்வொரு தடவையும் பாதிப் பாதியாக இறங்கிக்கொண்டே போவோம். கடைசியில், விஷமே இல்லாமல் நாங்களே உப்புச் சேர்த்துத் தயாரித்த சுத்தமான தண்ணீரில் ஒரு வரிசை. அதற்குப் புத்தகத்தில் பெரிய பெயர் இருக்கிறது. எங்கள் வாயில் அது 'நல்ல தண்ணி'. இரண்டு நாள் கழித்து எண்ண வேண்டும். நல்ல தண்ணியில் இருபதுக்கு இரண்டு குஞ்சு வரை படுத்திருக்கலாம். மூன்று படுத்தால் மொத்தச் சோதனையும் குப்பை. நல்ல தண்ணீரிலேயே சாகிற பூச்சியை வைத்துக்கொண்டு கெட்ட தண்ணீரைப் பற்றி என்னத்தைப் பேசுவது என்பது அதன் நியாயம். நியாயமான நியாயம்தான். அதைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன்.

எண்ணும் முறை இப்படி. ஜாடியை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பதினைந்து விநாடி பார்க்க வேண்டும். அதற்குள் நீந்தினால் அது அசைவுள்ளது. நீந்தாவிட்டால் அசைவற்றது. மீசையை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடந்தாலும் அசைவற்றதுதான். செத்ததா என்ற கேள்வியையே நாங்கள் கேட்பதில்லை. மற்ற ஊர்களில், மற்ற ஆய்வகங்களில், மனுஷர்கள் மனதுக்குள் பதினைந்து எண்ணுவார்கள். அவசரமானால் எட்டிலேயே பதினைந்து வந்துவிடும், அனுதாபம் வந்தால் முப்பதுக்கும் நீளும். அக்கா கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பதினைந்து என்றால் பதினைந்து.

ஒரு தடவை ஒரு பெரிய கம்பெனியின் திரவம் வந்தது. சோதனை முடியும் நேரத்தில் நல்ல தண்ணியில் மூன்று. மேனேஜர் கெஞ்சினார், அதட்டினார், மறுபடியும் கெஞ்சினார். வாடிக்கையாளர் கை நழுவிப் போய்விடுவார் என்று தலையில் அடித்துக்கொண்டார்.  அக்கா நோட்டில் மூன்று என்று எழுதி, 'செல்லாது' என்று குறுக்கே எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பெருமை. மேனேஜரின் மூஞ்சி போன போக்கைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன். சிரித்த வாய்தான் இது.

அக்காவுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் அவருடைய அண்ணன். அப்பா போனபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, அக்காவுக்கு ஒன்பது. அண்ணன் படிப்பை மூட்டை கட்டிவிட்டு, ஊருக்கு வெளியே வாய்க்கால் ஓரம் கிடந்த தரிசில் தன் கையால் குளம் வெட்டினார். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, மூன்று. மீன்குஞ்சு வளர்த்து விற்றுத் தங்கையை அறிவியல் பட்டம் வரைக்கும் படிக்கவைத்தார். எங்கள் ஆய்வகத்தில் வேலை கிடைத்தபோது அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லையாம். பார்ப்பவர்களிடம் எல்லாம், 'என் தங்கச்சி கண்ணுக்கு முன்னாடி மைக்ராஸ்கோப்பே கண்ணாடி போட்டுக்கணும்' என்று பீற்றிக்கொண்டு திரிந்தாராம். இதை அக்காவே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கல்யாணப் பேச்சு நாலைந்து முறை வந்து போனது. ஒரு மாப்பிள்ளை, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டானாம். பூச்சி சாவதை எண்ணுகிறேன் என்றாராம் அக்கா. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டானாம். அதன் பிறகு யாரும் பெரிதாக முயலவில்லை. ஆய்வகத்துக்குப் பின்தெருவில், மாடியில் ஒரே ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். அதுதான் அவர் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதல் பஸ்ஸில் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார். அண்ணி சமைத்துப் போட, அண்ணன் பிள்ளைகளோடு குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வருவார். திங்கட்கிழமை அக்கா முகத்தைப் பார்த்தால் தெரியும், மற்ற ஆறு நாளும் இவர் எதற்காக ஓட்டுகிறார் என்று.

வாய்க்காலுக்கு மேற்கே ஓர் ஆலை வந்தது, கழிவை அதே வாய்க்காலில் விட்டது. துணிக்குச் சாயம் ஏற்றும்போது நுரை பொங்காமல் தடுக்க ஒரு திரவம் செய்கிற ஆலை. வந்த இரண்டாம் வருடம் அண்ணனின் முதல் குளத்தில் மீன் செத்து மிதந்தது. அடுத்த வருடம் மூன்று குளத்திலும். அண்ணன் மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். செருப்பு தேய்ந்தது என்பார்களே, நிஜமாகவே இரண்டு ஜோடி தேய்ந்தது. ஒவ்வோர் ஆபீஸிலும் ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். ஒரு பை நிறையச் செத்த மீனைக் கொண்டுபோய் மேஜையில் கொட்டியிருக்கிறார் மனுஷன். நாற்றத்துக்காக அவரை வெளியே தள்ளினார்களே தவிர, மீன் ஏன் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு வழி திறந்தது. ஆலைக்குக் கழிவுநீர் விடும் அனுமதி முடியும் சமயம். புதுப்பிக்கலாமா என்று முடிவு செய்ய ஒரு வெள்ளிக்கிழமை விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தைய திங்கட்கிழமை மாலை, ஆலை ஆளும் அண்ணனும் அதிகாரியும் சேர்ந்து நின்று, குழாய் வாயில் தண்ணீர் பிடித்து, மூவரும் கையெழுத்துப் போட்டு சீல் வைத்து அனுப்புவது என்று ஏற்பாடு. செல்லுபடியாகும் சோதனையில் விஷம் என்று வந்தால் ஆலை குழாயை மூட வேண்டும். வராவிட்டால் இன்னும் ஐந்து வருடத்துக்கு அனுமதி. அக்காவிடம் அண்ணன் சொன்னாராம், 'இன்னும் அஞ்சு வருஷம்னா குளத்துல மீன் மிதக்காது, நான்தான் மிதப்பேன்' என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னாராம். அக்கா அதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை.

அந்தச் சோதனையைச் செய்யத் தகுதிச் சான்று இருந்த ஆய்வகம் சுற்றுவட்டாரத்தில் எங்களுடையது ஒன்றுதான். அக்கா மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்தார், புகார் கொடுத்தவர் என் உடன்பிறந்த அண்ணன், வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள் என்று. மேனேஜர் என்னைக் காட்டி, வேறு யார், இவனா என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அந்தக் கடிதத்துக்கும் ஒரு முத்திரை குத்திக் கோப்பில் வைத்தார். எங்கள் மேனேஜர் எதற்கும் முத்திரை குத்துவார், விட்டால் தன் நெற்றியிலேயே குத்திக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை வைத்தோம். கேனைத் திறந்ததும் நகப்பூச்சு வாசனை அறையெல்லாம் பரவியது. நூற்றிருபது குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி ஜாடியில் விட வேண்டும். அக்கா நூறு விட்டார். முழுசு, பாதி, கால், அரைக்கால், வீசம், எல்லாம் அவர் கை. நல்ல தண்ணி வரிசை மட்டும் மிச்சம். அப்போது அவருடைய போன் அடித்தது. அண்ணன். திறந்த ஜாடிகளுக்கு மேல் நின்று பேசக் கூடாது என்பது அக்காவின் சட்டம். கடைசி வரிசையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போனார்.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்ல நாக்கு கூசுகிறது. குஞ்சை விடும்போது பிப்பெட் நுனி தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும். மேலே பிடித்துச் சொட்டாக விட்டால், விழுகிற வேகத்தில் குஞ்சின் ஓட்டுக்குள் காற்று புகுந்துகொள்ளும். புகுந்தால் அது எப்போதாவது மேலே வந்து தண்ணீரின் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் இறங்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துபோகும். அதிலும் ஒரு கொடுமை, நுரை தடுக்கும் திரவம் கலந்த அழுக்குத் தண்ணீரில் இப்படி ஒட்டாது. சுத்தமான தண்ணீருக்குத்தான் அந்தப் பிடி. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பத்து வருடமாகத் தெரியும். ஆனால் ஒரு ஜாடித் தண்ணீர் மறு ஜாடிக்குப் போகாமல் இருக்கட்டும் என்று நுனியை மேலே தூக்கிப் பிடித்து விடுகிற பழக்கம் என் கையில் ஒட்டியிருந்தது. சுத்தமாக வேலை செய்கிறோம் என்ற நினைப்பில் வந்த பழக்கம். அன்றைக்கும் அப்படியே இருபதையும் சொட்டுச் சொட்டாக விட்டேன். நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் வேறு.

அக்கா திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ஜாடிகளை வரிசையாகக் குனிந்து பார்த்தார். எல்லாம் நீந்திக்கொண்டிருந்தன. மூடி போட்டு, நேரம் குறித்து, அறைக் கதவைச் சாத்தினார். அண்ணன் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை பார்த்தபோது நல்ல தண்ணியில் இரண்டு மேலே ஒட்டிக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தன.  ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விட்டால் முங்கிவிடும். ஆனால் சோதனை ஆரம்பித்த பிறகு ஜாடிக்குள் எதையும் விடக் கூடாது என்று எங்கள் நடைமுறைப் புத்தகம் சொல்கிறது. அக்கா பார்த்தார். மூடியைத் திரும்பப் போட்டார். நான் பாசித் தண்ணீர் காய்ச்சப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை பத்து மணி. அக்கா எண்ணினார், நான் பக்கத்தில் நின்று இரண்டாம் சாட்சியாகப் பார்த்தேன். முழுசில் இருபதும் அசைவற்றவை. பாதியிலும் இருபது. காலில் பதினேழு. அரைக்காலில் பன்னிரண்டு. வீசத்தில்கூட ஏழு. பதினாறில் ஒரு பங்காகக் கரைத்தும் அடிக்கிறது என்றால், அது தண்ணீரா என்ன?  அண்ணன் சொன்னது அத்தனையும் ஜாடியில் வரிசையாகக் கிடந்தது. பிறகு நல்ல தண்ணி. முதல் ஜாடி, ஐந்தும் ஓடின. இரண்டாவதில் ஒன்று மேலே ஒட்டியபடி ஓய்ந்திருந்தது. மூன்றாவதிலும் ஒன்று. ஆக இரண்டு. இரண்டு வரை பரவாயில்லை. நாலாவது ஜாடியை அக்கா மெல்லச் சுற்றினார். நான்கு நீந்தின. ஒன்று அடியில் கிடந்து மீசையை ஆட்டியது.

ஸ்டாப்வாட்ச் ஓடியது. பத்து. பன்னிரண்டு.  பதினைந்தில் அக்கா பொத்தானை அழுத்தினார். பேனாவை எடுத்து மூன்று என்று எழுதினார். அவர் பேனாவைக் கீழே வைக்கும்போது அந்தக் குஞ்சு ஓர் எம்பு எம்பியது. தத்தித் தத்தி மேலே வந்து, மற்ற நான்கோடு சேர்ந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி நீந்த ஆரம்பித்தது.

"அக்கா, நீந்துது," என்றேன்.

"பார்த்தேன்."

"அப்ப அழிச்சிட்டு ரெண்டுன்னு போடுங்க. நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

"நேரம் முடிஞ்சிடுச்சு தம்பி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் யார், நான் யார் என்பதெல்லாம் மறந்துவிட்டது. ஒரு குஞ்சுக்காக அண்ணன் குடும்பத்தின் வாயில் மண்ணைப் போடுகிறீர்களே, நீங்கள் எல்லாம் மனுஷியா என்று கேட்டுவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார், வேறு யாருடைய அண்ணனாக இருந்தாலும் நான் இதைத்தான் எழுதியிருப்பேன், என் அண்ணன் என்பதற்காக மாற்றினால் நாளைக்கு அந்த அடித்தல் ஒன்றைக் காட்டியே மொத்தத்தையும் கிழித்துப் போடுவார்கள் என்று. அது சரியான பேச்சு.  குறுக்கே 'செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே நானும் போட்டேன். இரண்டு பேருடைய கையெழுத்தும் அந்த நோட்டில் இன்றைக்கும் இருக்கிறது.

மறுபடி வைக்கலாம் என்றால், பிடித்த தண்ணீரை ஒன்றரை நாளுக்குள் சோதனைக்கு வைத்தால்தான் கணக்கு. அந்த நேரம் எப்போதோ போய்விட்டது. புதுத் தண்ணீர் பிடிக்க ஆலை ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஆலைக்குப் போன் செய்தால், சம்பந்தப்பட்டவர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டதற்கு லைன் கட்டாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அக்கா போனார், சாட்சிக்காக நானும். அண்ணன் சலவை செய்த சட்டையில் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆலை வக்கீல் எழுந்து அக்காவைப் புகழ்ந்த புகழ் இருக்கிறதே, நானானால் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பேன். இவரைப் போல் நேர்மையான ஊழியரைப் பார்த்ததில்லை, மனுதாரரின் சொந்தத் தங்கையே எழுதிக் கொடுத்திருக்கிறார், இந்தப் பூச்சிகள் சுத்தமான தண்ணீரிலேயே சாகின்றன, எங்கள் தண்ணீரைக் குறை சொல்லி என்ன பயன் என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். வீசத்தில் ஏழு, அரைக்காலில் பன்னிரண்டு என்று அக்கா சொல்ல ஆரம்பித்தார். செல்லாத சோதனையின் எண்களைப் பதிவு செய்ய முடியாது என்று தலைமை அதிகாரி தடுத்துவிட்டார். செல்லுபடியாகும் அறிக்கை இல்லாததால் ஐந்து வருடத்துக்கு அனுமதி புதுப்பிக்கப்பட்டது. மொத்தம் இருபது நிமிஷம்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். துப்புங்கள். வெளியே படிக்கட்டில் அண்ணன் என் கையைப் பிடித்து, என்னப்பா ஆச்சு, எப்படி மூணு வந்துச்சு என்று கேட்டார். என் கைப்பழக்கத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஒப்பந்தம் போய்விடும், வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூன்றாவது உயிரோடுதான் இருந்தது, நான் எவ்வளவோ சொன்னேன், அக்காதான் மாற்ற மாட்டேன் என்றுவிட்டார் என்று சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதுதான் அதில் இருக்கிற அசிங்கம்.

அக்கா நோட்டை மார்போடு அணைத்தபடி வந்தார். அண்ணன் சத்தம் போடவில்லை.

"அது உயிரோட இருந்துச்சாமே?"

"இருந்துச்சுண்ணா."

"அப்புறம் ஏன் செத்துப்போச்சுன்னு எழுதின?"

"செத்துப்போச்சுன்னு எழுதலண்ணா. அசையலன்னு எழுதினேன்."

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்க வைத்ததற்கு இதுவா என்று கேட்பார், குளம் வெட்டிய கையைக் காட்டுவார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்தேன்.  "இனிமே ஞாயித்துக்கிழமை வரவேணாம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அக்கா போகவும் இல்லை. முதல் சில வாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வகத்துக்கே வந்து, நான் கழுவி வைத்த தொட்டிகளை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். அண்ணியிடமிருந்து ஒருமுறை போன் வந்தது, இவர் மனசு ஆறட்டும், கொஞ்ச நாள் பொறு என்று. மனசு ஆறுவதற்குள் அடுத்த கோடையில் மூன்று குளத்து மீனும் ஒரே காலையில் செத்து மிதந்தன. அந்த முறை அண்ணன் மனு எழுதவில்லை. லாரி லாரியாக மண் அடித்துக் குளத்தை மூடினார். மூடிய நிலத்தை வாங்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அங்கே ஆலையின் லாரிகள் நிற்கின்றன.

குளத்தை மூடிய வாரம் என்னால் சோறு உள்ளே இறக்க முடியவில்லை. ஒருநாள் மதியம், அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தபோது போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிப்பெட்டை மேலே தூக்கிப் பிடித்தது, காற்று, படிக்கட்டில் அண்ணனிடம் பேசியது, எல்லாம். வேலையை விட்டு அனுப்புங்கள், அண்ணனிடம் நானே போய்ச் சொல்கிறேன், தப்பு உங்களுடையது இல்லை என்றேன். அழுதுவிட்டேன் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா நிமிரவில்லை. கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"தெரியும் தம்பி. கதவுக் கண்ணாடி வழியா நீ விடறதைப் பார்த்துக்கிட்டேதான் நின்னேன்."

 பார்த்தீர்களா, பார்த்துமா என்றுதான் கேட்க முடிந்தது.

"அண்ணன் போன்ல அழுதாரு. அப்பா செத்தப்பகூட அழாத மனுஷன். காலையில மறுபடியும் மீன் மேல வந்து வாயைப் பிளக்குதுன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. ஒரு நிமிஷம் இருங்கன்னு எப்படிச் சொல்வேன்? உள்ள வந்து பார்த்தப்ப எல்லாமே நீந்திக்கிட்டிருந்துச்சு. கொட்டிட்டுப் புதுசா வைக்கணும்னு தோணுச்சு, மிச்சக் குஞ்சும் இருந்துச்சு. சரி, போகட்டும்னு விட்டேன். வேலைக்கு வந்து இருபத்திமூணு வருஷத்துல அன்னிக்கு ஒருநாள்தான் போகட்டும்னு விட்டேன்."

நான் போய் அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன் என்று மறுபடி சொன்னேன். அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"சொல்லக் கூடாது. நீ விட்டதுன்னு சொன்னா, நான் ஏன் பார்த்துக்கலன்னு கேப்பாரு. போன்ல இருந்தேன்னு ஆகும். தான் பண்ணின போனாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு. நான் எழுதினதாலதான் போச்சுன்னே இருக்கட்டும். என்மேல கோபமா இருந்துட்டுப் போகட்டும்."

மறுபடி குனிந்துகொண்டார். எனக்கு அடுத்த வாரம் ஒப்பந்தம் புதுப்பித்தார்கள். என்னைப் பற்றிய குறிப்பில் 'வேலை திருப்தி' என்று அக்காதான் எழுதியிருந்தார்.

அண்ணன் அதன் பிறகு நான்கு வருடம் இருந்தார். ஒரு கடையில் காவலுக்கு உட்கார்ந்திருப்பதை நான் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை இறங்கலாம் என்று எழுந்து, உட்கார்ந்துவிட்டேன். அவர் போன செய்தி வந்தபோது அக்கா நாற்பத்தெட்டு மணி நேரச் சோதனை ஒன்றின் நடுவில் இருந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன், போங்கள் என்றேன். போனார். அண்ணி உள்ளே விட்டார்களாம். ஆனால் தன் பக்கத்தில் உட்காரச் சொல்லவில்லையாம். கடைசியில் ஒருமுறையாவது தன் பெயரைச் சொன்னாரா என்று அக்கா கேட்டாராம். இல்லை என்று அண்ணி உள்ளதைச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை அக்கா வேலைக்கு வந்துவிட்டார். இனி நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், தடை ஒன்றும் இல்லை. இதோ சொல்லியும் விட்டேன், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தவர் ஒருவர்தான், அவர் தன் தங்கையை வெறுத்தபடியே போய்விட்டார்.